கனடா நாட்டுச் சட்டமும் போசரி பான் கடையும்

கனடாவில் நோயாளிகள் மருந்தாகக் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்ட செய்தியை நான் புனேக்குச் சற்று முன்னால் தவுண்ட் ஸ்டேஷனில், மழையில் நின்றுபோன ரயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ஆடி மாதம். முன்னால் எங்கோ தண்டவாளத்தில் தண்ணீர் என்றார்கள். எதிர் இருக்கையில் சோலாப்பூரில் ஏறிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மராத்திப் பேப்பரை விரித்து, படித்ததையெல்லாம் இந்தியில் பெட்டிக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாடு இனி உருப்படாது என்பது அவர் தீர்ப்பு. பக்கத்தில் இருந்த ராணுவ வீரர், அங்கே குளிர் அப்படி, பாவம் என்ன செய்வார்கள் என்று கனடாவுக்காக வாதாடினார். ஜன்னலோரம் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த பெண் மட்டும், மருந்து என்றால் எந்த நோய்க்கு என்று கேட்டாள். தலைமையாசிரியர் அதுவரை படித்திருக்கவில்லை. தலைப்போடு நிறுத்திக்கொண்டார். நானும் என் பங்குக்கு, எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இப்படி ஓர் அனுமதி வந்தால் லைன்மேன் பாதிப் பேர் டாக்டர் சீட்டோடு வந்து நிற்பார்கள் என்றேன். பெட்டியே சிரித்தது. டிரங்க் கால் காலத்தில் பம்பாய் ஆபரேட்டர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தி என்னுடையது. பேசுவேன், ஓர் எழுத்துப் படிக்க வராது. கோயமுத்தூரில் நான் படித்த பள்ளியில் அதை யாரும் சொல்லித்தரவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

என் பை நிறைய அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், நார்த்தங்காய் ஊறுகாய், கொள்ளு. புனேயில் இதெல்லாம் கிடைக்காதா என்று கேட்டார்கள்; கிடைக்கும்தான், ஆனாலும் கட்டிக்கொண்டேன். புனேயை ஒட்டிய போசரியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் டூல்ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணனுக்கு இரைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோ இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. நங்கை போனில் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "அம்மிணி, உங்கண்ணன் வவுத்துல ஒரு வா சோறு நின்னு பதினோரு நாளாச்சு." எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம். பேர் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நம் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்துப் போட்டால் அண்ணன் சாப்பிட்டுவிடுவார் என்று நம்பினேன். அந்த வயதில் எனக்குச் சமையல் மேல் அவ்வளவு கர்வம்.

ரயில் நான்கு மணி நேரம் கழித்து நகர்ந்தது. அதற்குள் தலைமையாசிரியர் எனக்குத் தன் சிவ்டா என்ற அவல் மிக்சரையும், ராணுவ வீரர் தன் குடையையும் கொடுத்திருந்தார்கள். குடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

புனே மழை நம் மழை இல்லை. நம் ஊரில் மழை வந்தால் பேசும், இடிக்கும், பெய்து தீர்ந்து போய்விடும். இங்கே அது எந்தச் சத்தமும் இல்லாமல் நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் துணி காயவில்லை. தீப்பெட்டி நமுத்திருந்தது. அண்ணன் ஹால் கட்டிலில் போர்வைக்குள் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. ஆறடி மனிதர். போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ரயில் லேட் ஆனதைத் திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டேன்.

அரிசிம்பருப்புச் சோறு வேண்டும் என்று அவரே கேட்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுச் சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து நான் குக்கரை இறக்கியபோது ஹாலிலிருந்து சத்தம் கேட்டது. தாளித்த வாசத்துக்கே அவருக்குக் குமட்டிவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வருகிற வாந்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நங்கை பிளாஸ்டிக் டப்பை அவர் முகவாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, "அடுப்ப அமத்து அம்மிணி, ஜன்னலத் தொற" என்றார். அந்தச் சோற்றை நாங்கள் இருவரும் பால்கனியில் நின்று, வாசம் உள்ளே போகாமல், திருடித் தின்பவர்களைப் போலத் தின்றோம்.

மறுநாள் கட்டடம் முழுக்கக் கனடா. நான்கு மாடி, பதினாறு வீடு, பெரும்பாலும் தொழிற்சாலைக் குடும்பங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் கீழே தொட்டியருகே கூடுவார்கள். எதிர் வீட்டு ஜோஷி காகூ (மராத்தியில் காகூ என்றால் சித்தி, ஊருக்கே அவர் காகூ), டி.வி.யிலும் சொல்லிவிட்டார்கள் என்று செய்தியை உறுதிப்படுத்தினார். மேல்மாடி சர்தார்ஜிக்குத் தன் மச்சான் டொராண்டோவில் இருக்கிறானே என்ற கவலை. எல்லோரையும்விட உரக்கப் பேசியது எங்கள் நங்கைதான். கஞ்சாவை மருந்து என்று சொல்கிறவன் நாளைக்குச் சாராயத்தை டானிக் என்பான் என்று அவர் மராத்தியில் சொன்னதைப் பிறகு எனக்கு மொழிபெயர்த்தும் காட்டினார். இருபத்தெட்டு வருஷத்து மராத்தி. காய்கறிக்காரனை அழவைக்கும். ஆனால் என்னைப் போலவேதான், ஓர் எழுத்துத் தெரியாது. பஸ் நம்பரைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார்.

அண்ணன் மகள் கவிதா விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் நேர் எதிர். இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுதுவாள், படிப்பாள். தமிழில் தன் பெயரை மட்டும் எழுதுவாள். அன்று சாயங்காலம் ஆபீசில் இன்டர்நெட்டில் தேடி, ஒரு கட்டுக் காகிதம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நனைந்தபடி வந்தாள். ரயிலில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. கீமோ ஏற்றியவர்களுக்கு வாந்தி அடங்குகிறதாம், பசி வருகிறதாம், அதற்குத்தான் அனுமதியாம். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்றும் போட்டிருந்தது. கட்டிலின் காலடியில் உட்கார்ந்து தன் ஓட்டைத் தமிழில் அவள் ஒவ்வொன்றாக அப்பாவுக்குச் சொன்னாள்.

நங்கைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற அப்பனுக்குக் கஞ்சா கொடுக்கச் சொல்கிற பெண்ணை எங்கேயாவது கண்டதுண்டா என்று என்னிடம் நியாயம் கேட்டார். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நம்மைப் பார்த்து ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை, இனிமேல் போலீஸ் வந்து படி ஏறட்டுமா என்றார். நான் நங்கை பக்கம்தான் பேசினேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அடங்கிய பிறகு அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார்: "வாந்தி நிக்கும்னு போட்டிருக்குதா கண்ணு?"

கவிதா "ஆமாப்பா" என்றாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. மழையில் ஆட்டோ கிடைக்காமல், ஆறு பேர் ஏறும் பெரிய ஆட்டோ ஒன்றை முழுதாகப் பிடித்தோம். சிக்ஸ் சீட்டர் என்பார்கள். வண்டி ஓடும்போது வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வரும். பாதி வழியில், முழங்கால் தண்ணீரில் இன்ஜின் செத்தது. அண்ணன் டப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஏர் ஃபில்டரில் தண்ணீர், துடைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு என்று உள்ளே இருந்தே டிரைவருக்கு யோசனை சொன்னார். வண்டி கிளம்பியது. டிரைவர் சந்தோஷத்தில் பேச்சுக் கொடுத்தார். அவருக்கும் கனடா செய்தி தெரிந்திருந்தது. அந்த ஊருக்கு ஆட்டோ ஓட்ட ஆள் எடுக்கிறார்களா என்று தெரிய வேண்டுமாம். அண்ணன் சிரித்தார். நான் வந்து மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

டாக்டரிடம் கவிதாவின் காகிதங்களை நான்தான் நீட்டினேன். நங்கை மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து. எதற்காக அப்படிச் செய்தேன் என்றால், அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று நினைக்கிறேன். டாக்டர் நல்ல மனுஷர், களைத்த மனுஷர். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். வாந்திக்கு இருக்கிற மருந்தையெல்லாம் கொடுத்தாகிவிட்டது, சிலருக்கு நிற்பதில்லை என்றார். இது அந்த நாட்டுச் சட்டம், இங்கே நான் இதைப் பேசக்கூட முடியாது, நீங்கள் கேட்கவில்லை நான் கேட்கவில்லை என்று காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். வெளியே வராந்தாவில் காத்திருந்த கூட்டத்தில், மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு விவசாயி மட்டும் என்னிடம் மெதுவாக, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர், தன் மனைவி தூங்கும்போதும் குமட்டுகிறாள் என்றார்.

அங்கே அப்போது சிராவண மாதம். திங்கட்கிழமை திங்கட்கிழமை சிவன் கோயிலில் கூட்டம் அலைமோதும். பாதிக் கட்டடம் விரதம். ஜோஷி காகூ வீட்டிலிருந்து ஜவ்வரிசிக் கிச்சடி வந்தது. நிலக்கடலையைப் பொடித்துப் போட்டு, சீரகம் தாளித்து, விரதம் என்ற பெயரில் இவ்வளவு ருசியாகச் சாப்பிடுகிறார்களே என்று எனக்குப் பொறாமை. நங்கை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலக் கட்டு. கோயிலை ஒட்டிய பான் கடையில் வாங்கியது. கடைக்காரர் பனாரஸ் பக்கத்து ஆள். வீட்டுக்காரருக்கு வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்று நங்கை புலம்பியிருக்கிறார். கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்தாராம். ஆயுர்வேதம், பசிக்கு நல்லது, பாதி போதும் என்று சொன்னாராம். உறையில் சிவன் படம். உள்ளே புளிப்பும் இனிப்புமாக வாசம் வரும் கறுப்பு உருண்டை.

"சாமி படம் போட்டிருக்குது, சிராவண சோமவாரம் அதுவுமா கைக்கு வந்திருக்குது. வாயத் தொறங்க" என்று நங்கை பாதியைக் கிள்ளி அண்ணன் வாயில் வைத்தார். அண்ணன் நாக்கில் புரட்டினார். நங்கையை ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ரசம் இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரசம் சாதத்தைக் கரைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். காலி. இன்னும் கொஞ்சம் என்றார். டப்பைப் பிடித்துக்கொண்டு நங்கை காத்திருந்தார், காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. அண்ணன் தலையணையில் சாய்ந்து, சின்ன வயதில் நான் மாட்டுக்குப் பயந்து கிணற்றுமேட்டில் ஏறி நின்ற கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டுத் தூங்கிப் போனார். நங்கை பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கவிதா வேலையிலிருந்து வந்ததும் உறையைக் காட்டினேன். வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, என் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

"அத்தே, சுக்கு, மிளகு, வெல்லம்... கடைசில பாங் போட்டிருக்கு. ஸச் மே, நிஜமா. பாங்னா அதேதான், கஞ்சா செடியோட இலை."

கனடா சட்டம் போட்டுக் கொடுத்ததை எங்கள் பக்கத்துக் கோயில் வாசலில் சிவன் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் பகலில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. நங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். மறுநாள் நங்கை குளிக்கப் போன நேரத்தில் அண்ணனிடம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "தெரியும் அம்மிணி. ஹோலிக்கு மறாநாள் டூல்ரூம்ல பாதிப் பேரு இதத் தின்னுபோட்டுத்தான் வருவாங்க. எத்தன பேர வெளிய உக்கார வெச்சிருக்கறேன். அவகிட்டச் சொல்லீறாதே."

அதன்பின் நான்கு நாள், தினம் பாதி உருண்டை; வீட்டில் அடுப்பு எரிந்தது. இட்லி சாப்பிட்டார். கொள்ளு ரசம் குடித்தார். வியாழக்கிழமை அரிசிம்பருப்பு, நெய் விட்டு, நார்த்தங்காயோடு. நோய் எங்கும் போய்விடவில்லை. அது எங்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனால் மனிதர் சாப்பிட்டார். சாப்பிட்டதைப் பற்றிக் குறை சொன்னார். உப்புக் குறைச்சல் என்றார். நங்கையோ கீழே தண்ணீர்த் தொட்டியருகே கனடாவைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை. கூடவே, பாருங்கள், நம் சிவன் கைவிடவில்லை, ஆயுர்வேதத்தில் இல்லாததா என்றும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவிதாவும் வீடு வந்த பிறகு நங்கை, ஜோஷி காகூவின் மாமியாருக்குப் பசியே இல்லை என்று கேட்டு, நல்ல மனதோடு இரண்டு உருண்டைகளை எடுத்துப் போய் மாடிப்படியில் வைத்தே கொடுத்தார். காகூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் படித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்குக் குரலே அப்படி. இதில் பாங் அல்லவா இருக்கிறது, தமிழ் வஹினி (மராத்தியில் அண்ணி), இதையா அண்ணாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டது நான்கு மாடிக்கும் கேட்டது. மேலே யாரோ சிரித்தார்கள். கதவுகள் திறந்தன. ஒருவர், நல்லதுதானே, கொடுக்கட்டும் என்றார். இன்னொருவர், இத்தனை நாள் கனடாவுக்குப் பாடம் எடுத்தாரே என்றார்.

நங்கை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மிச்சம் இருந்த உருண்டைகளை உறை பிரித்து, ஒவ்வொன்றாகக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். பிறகு கட்டிலுக்கு எதிரில் வந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க மூணு பேரும் தெரிஞ்சுக்கிட்டே என்னையப் பேச உட்டுப்போட்டு வேடிக்க பாத்திருக்கறீங்க."

எழுதப் படிக்கத் தெரிந்த கவிதா, படித்துக் கேட்ட நான், நாக்கிலேயே அறிந்த அண்ணன். நங்கைக்கு மட்டும்தான் தெரியாது. கஞ்சா கொடுத்ததைக்கூட அவர் மன்னித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்கத் தெரியாதவள் என்று ஊர் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை. அதற்கு வழி விட்டது நாங்கள்.

சனிக்கிழமை அண்ணன் தண்ணீரையும் வாந்தி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை உதடு வெடித்திருந்தது. மறுபடி வாங்கலாம் என்று கவிதா அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். நங்கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பான் கடைக்குத் தானே போகிறேன் என்று கவிதா கிளம்பியபோது அண்ணன் அவளைத் தடுத்தார். கல்யாணம் ஆக வேண்டிய பெண், கட்டடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

திங்கட்கிழமை. மறுநாள் எனக்கு ரயில். அண்ணனுக்கு அதன்பின் ஒரு மாதம்கூட ஆயுசு இல்லை என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. நங்கை அந்தப் பான் கடை வழியாகப் போகப் பிடிக்காமல், மழையில் சுற்றி வேறு கோயிலுக்குப் போயிருந்தார். கவிதா ஆபீசில். அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் வெளியே வரவில்லை; குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"நாலு நாள் மனுசனா இருந்தேன் அம்மிணி. நீ நாளைக்கு ஊருக்குப் போறவ. உன்னைய இங்க ஆரு என்ன சொல்லப்போறாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்துரு."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பத்து நிமிஷ நடை. கோயில் கூட்டம் தெருவரைக்கும் வழிந்தது, வில்வ இலை விற்பவர்கள், பால் விற்பவர்கள். பான் கடையின் தகரக் கூரைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி எங்கள் கட்டடத்து ஆண்கள் மூவர் நின்றிருந்தார்கள். நான் கிட்டே போகும்போது அவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில், கனடாக்காரர்கள் வந்தாயிற்று என்றார். மூவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், தோள் குலுங்கியது. மூன்று நாளில் எங்களுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சரம் சரமாக அந்த உறைகள் தொங்கின. சுட்டிக் காட்டினால் போதும், பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரிகளையே பேசி மடக்குகிற வாய் எனக்கு. அந்த மூன்று முதுகுகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சர்க்கார் உத்தியோகம் என்று ஒரு நினைப்பு, போலீஸ் என்று ஒரு நினைப்பு, சிரிக்கிறார்களே என்று ஒரு நினைப்பு. வெற்றிலை என்றேன். பத்து வெற்றிலையை ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

போசரியில் நாங்கள் இருந்த பக்கத்தில் வெற்றிலை வேண்டும் என்றால் அந்த ஒரு கடைதான். அண்ணனிடம் வாயைத் திறக்கும்வரை அது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடை சாத்தியிருக்குதுங்ணா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். காகிதத்துக்கு வெளியே வெற்றிலைக் காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"செரி அம்மிணி," என்றார். "வெத்தல வாடிப்போயிரும். தண்ணியில போட்டு வை."